கீழ்காற்றில் வந்த சம்பந்தம்

கல்யாணப் பேச்சுக்கு நாள் பார்க்க எல்லாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். ரங்காத்தாள் வாசலில் நின்று முந்தானை நுனியை உயரப் பிடித்துக் காற்றைப் பார்த்தாள். முந்தானை மேற்கே பறந்தது. கீழ்காற்று. தை பிறந்து கீழ்காற்று நிலைத்துவிட்டால் சுலபத்தில் திரும்பாது. அது அடிக்கிற வரைக்கும், தோட்டத்துக்கு மேற்கே இருக்கிற பாறைக்குழியின் நாற்றம் இன்னும் மேற்கே நகர்ந்து பக்கத்து ஊருக்குள் போய்விடும். பக்கத்து ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் ஊரான கரட்டுப்பாளையத்தாரை வைவார்கள். வையட்டும். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று அடிக்கும்போது கரட்டுப்பாளையத்தார் சன்னலை அடைத்துக்கொண்டு யாரை வைதார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரரைத்தான்.

"ஏனுங்க, பொண்ணூட்டுக்காரங்கள வெள்ளிக்கெழமை வரச் சொல்லிப் போடுங்க" என்றாள்.

வீட்டுக்காரர் சுப்பண்ணன் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழமை பத்தரைக்கு ராவுகாலம் வருதே."

"அப்பொப் பன்னெண்டுக்கு மேல வரட்டும். காத்துத் திரும்பீருச்சுன்னா அப்பறம் எந்தக் காலமும் ஒதவாதுங்க."

பாறைக்குழி பற்றிய பேச்சு எந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாலும் அவர் கையில் இருக்கிற வேலையை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இப்போது சோளத்தட்டைப் பார்த்தார்.

மகுடேஸ்வரன் அவர்களுக்கு ஒரே மகன். முப்பத்தாறு முடிந்துவிட்டது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, விடிவதற்குள் பால் கறந்து ஊற்றிவிட்டுத் தென்னைக்குத் தண்ணீர் திருப்பப் போய்விடுவான். அதெல்லாம் யாருக்கு வேண்டும்? கொங்கு நாட்டில் இன்றைக்குத் தோட்டத்தில் உழைக்கிற பையனுக்குப் பெண் கிடைப்பதும் சித்திரையில் கிணறு நிரம்புவதும் ஒன்றுதான். "பையன் என்ன பண்றானுங்க?" என்று கேட்பார்கள். "தோட்டம் பாக்கறானுங்க" என்றால், "ஓஹோ, வேற?" என்பார்கள். வேறு ஒன்றும் இல்லை என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணுகிறவனுக்குக்கூடப் பெண் கொடுக்கிறார்கள்.

அப்படியும் தட்டித் தடவி வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களைப் பாறைக்குழி விழுங்கிவிட்டது. கடைசியாகக் காங்கயத்திலிருந்து வந்தவர்கள் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கினார்கள், முகத்தைச் சுளித்தார்கள், கண்ணாடியை ஏற்றினார்கள், போனார்கள். கரைத்து வைத்த எலுமிச்சம்பழத் தண்ணீரை ரங்காத்தாள் செடிக்கு ஊற்றினாள்.

அந்தக் குழி சுப்பண்ணனின் அப்பா காலத்தில் அவர்கள் காட்டில் கல் உடைத்த குழி. திருப்பூர் வளர வளர ஜல்லியும் சக்கைக்கல்லும் அங்கிருந்துதான் லாரி லாரியாகப் போயின. எத்தனை கம்பெனிக்கு அஸ்திவாரம் போயிருக்குமோ, யார் கண்டது. உடைத்து முடிந்ததும் பனைமர ஆழத்துக்கு ஒரு பள்ளம் மிச்சம். ஒரு கன்றுக்குட்டி விழுந்து செத்தது. இப்படி இருக்கும்போதுதான் ஒப்பந்தக்காரன் ஒருத்தன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான்.

"மக்கற குப்பைதானுங்கய்யா. வாழை எலை, காய்கறித் தோலு, இப்படித்தான். குழி ரொம்பி மட்டமானதும் மேல மண்ணப் போட்டு மூடிக் குடுத்தர்றம். உங்கூட்டு எருக்குழி மாதிரி நெனச்சுக்கோங்களே" என்றான்.

அந்தக் கடைசிச் சொல்லில் சுப்பண்ணன் விழுந்தார். ஆயுசு முழுக்க எருக்குழியோடு பழகியவர். சாணியும் தழையும் கூளமும் உள்ளே போகும். வருசம் திரும்பினால் எருவாக வரும். எருப் போட்ட காடு பொன்னாக விளையும். குழியில் போட்ட எதுவும் மக்காமல் கிடக்கும் என்று அவருக்கு நினைக்கத் தெரியவில்லை. படித்தவன் செய்கிற தப்பு வேறு, இது மண்ணை நம்பினவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கையெழுத்துப் போட்டார். கூடவே, "எரு வந்தா எனக்கு நாலு லோடு எடுத்துக்குவன்" என்று வேறு சொன்னார். ஒப்பந்தக்காரன், "தாராளமாங்கய்யா" என்றான்.

வந்தது பாலித்தீன் பை. வந்தது சாயம் ஊறின துணிக்கிழிசல், கோழிக்கடைக் கழிவு, குழந்தைகளுக்குக் கட்டி எறிந்த டயாப்பர், எந்த ஆஸ்பத்திரியிலிருந்தோ ஊசியும் ரப்பர் குழாயும். டவுனுக்குக் கல்லைக் கொடுத்தார்கள், டவுன் குப்பையைக் கொடுத்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த கணக்காகிவிட்டது. ஊர் கூடி லாரியை மறித்துப் பார்த்தது, மனு கொடுத்துப் பார்த்தது. கையெழுத்து இருக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து கோயில் திருவிழாச் சாட்டுக்குக்கூட யாரும் சுப்பண்ணனை முன்னால் வந்து கூப்பிடுவதில்லை.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மழைக்காலம் முடிந்து கிணற்றுத் தண்ணீர் மாறியதைத்தான் ரங்காத்தாளால் பொறுக்க முடியவில்லை. இறைத்தவுடன் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். குடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மஞ்சள் பூக்கும். மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு ஏடு கட்டும். மாடுகள் தொட்டியில் மூஞ்சியை வைத்துவிட்டு ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கும், பிறகு வேறு வழியில்லாமல் குடிக்கும். மாட்டுக்குக் கேன் தண்ணீர் வாங்க முடியுமா? மனிதர்களுக்கு வாங்கினார்கள். குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். கடல் மாதிரி கிணற்றை வைத்துக்கொண்டு வண்டிக்காரனிடம் தண்ணீர் வாங்குகிற வெட்கத்தை அவள் யாரிடம் சொல்லி அழுவாள்?

இந்த நிலையில்தான் தரகர் திருப்பூர் அனுப்பர்பாளையத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். தமிழ்செல்வன் என்று பெயர், பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர். ஒரே பெண், அனுப்பிரியா. அப்பாவின் கம்பெனியிலேயே கணக்குப் பார்த்தவள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வீசிங் வந்து, வருசத்தில் பாதி நாள் கையில் மருந்து உறிஞ்சுகிற பம்ப்போடு திரிகிறாள். டாக்டர், நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் உள்ள இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். தமிழ்செல்வனின் பூர்வீகமும் இதே குண்டடம் பக்கம்தான். காட்டை விற்று மிஷின் வாங்கினவர்.

"அந்தப் பக்கத்துத் தண்ணி தேனாட்டம் இருக்கும், என்ற புள்ளைக்கு அது போதும்னு சொல்றாருங்க" என்றார் தரகர்.

ரங்காத்தாள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். சுப்பண்ணன் தரகர் போனதும் மெல்லச் சொன்னார்:

"ஆயரம் பொய்யச் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லுவாங்க. நாம ஒண்ணும் ஆயரம் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணச் சொல்லாம இருந்தாப் போதும்."

"வந்ததுக்கப்பறம் தெரியாமப் போயிருமாக்கும்?"

"நாலு மழை நல்லாப் பேஞ்சாக் கெணறு தெளிஞ்சுக்கும். நீ வாய வெச்சுக்கிட்டுச் சித்த சும்மா இரு."

மகன் அப்போது பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் தாராபுரம் போய் ஒரு சட்டை வாங்கிக்கொண்டு வந்தான். வெளிர் நீலத்தில். மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தான். அதைப் பார்த்த பிறகு ரங்காத்தாள் வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

*

பையன் வீட்டைப் பார்க்க, அவர்கள் பேச்சில் ஊடு பார்க்க, வருகிற சம்பந்தக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வந்து உட்காருவார்கள். காடு தோட்டம், கட்டுத்தரை, கிணறு எல்லாம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை. பிடிக்கவில்லை என்றால் எத்தனை வற்புறுத்தினாலும் காப்பித் தண்ணியோடு எழுந்துவிடுவார்கள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டியதில்லை. மரியாதை தெரிந்த சனங்கள் மரியாதையாகக் கழுத்தை அறுக்கிற முறை அது.

முதல் நாள் மத்தியானம் ரங்காத்தாள் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரித் தடத்தில் போய் நின்று குப்பை லாரியை மறித்தாள். ஓட்டுநர் வீரணன் தலையை வெளியே நீட்டினார். உசிலம்பட்டிப் பக்கத்து மனிதர். குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர். சம்சாரம் பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டுகிறாள். இவர் லாரி ஓட்டுகிறார். ரங்காத்தாள் அவரைப் பேசாத பேச்சில்லை. ஒருநாள் சீமாற்றை எடுத்துக்கொண்டு லாரிக்கு முன்னால் ஓடியிருக்கிறாள்.

"என்ன தாயி, இன்னைக்கும் சண்டையா?" என்றார்.

"சண்டையில்லீங்க." அவள் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு என்ற பையனுக்கு ஊடு பாக்க வர்றாங்க. பகல்ல வண்டி வந்துச்சுன்னா... ரோட்டுல சொட்டிக்கிட்டே வருமுங்களே, அந்தத் தண்ணி..."

வீரணன் இஞ்சினை நிறுத்தினார். "இம்புட்டுத்தானா? நாளைக்குப் பொழுதடைய வாரேன் தாயி. மத்த வண்டிக்காரப் பயலுககிட்டயும் சொல்லிப்புடுறேன். ஒத்த வண்டி இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்காது. எங்க வீட்லயும் அருண்பாண்டின்னு ஒரு பய நிக்கிறான் கல்யாணத்துக்கு. எனக்குத் தெரியாதா?"

இவரையா சீமாற்றால் அடிக்கப் போனோம் என்று இருந்தது அவளுக்கு. திரும்பி வரும்போது இட்டேரியில் காய்ந்து கிடந்த பாலித்தீன் பைகளைப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை கோழி கூப்பிடும் முன்பே அடுப்புப் பற்றவைத்தாள். ஒப்பிட்டுப் போளிக்குப் பருப்பு வேகவைத்து, வெல்லம் சேர்த்து அரைத்து உருண்டை பிடித்தாள். சந்தவை பிழிந்தாள். தேங்காய்ப் பால் எடுத்தாள். பச்சைப்பயறு கடைந்தாள். கத்திரிக்காய் பொரித்தாள், ரசம் வைத்தாள், தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. எல்லாம் கேன் தண்ணீரில். காலிக் கேன்களைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சாக்கைப் போட்டு மூடினாள். வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கிற பித்தளைச் சொம்பிலும் கேன் தண்ணீர்தான். திருடிக்கு இருக்கிற ஏற்பாடெல்லாம் தனக்கும் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே சொம்பைப் புளி போட்டு விளக்கினாள்.

காற்று கிழக்கிலிருந்தே அடித்தது.

*

ஒரு பெரிய காரில் வந்தார்கள். தமிழ்செல்வன், அவர் சம்சாரம், சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர், தரகர். தமிழ்செல்வன் காரை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வாசலில் நின்றார். மூச்சை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார்.

"ஆகா! காத்துன்னா இதுதானுங்க காத்து. எத்தனை வருசமாச்சு!"

ரங்காத்தாள் அவசரமாக முன்னால் வந்தாள். சொம்பை நீட்டினாள். "வாங்க, வாங்க. தண்ணி குடிங்க."

நல்ல மனிதராகத்தான் இருந்தார். அலட்டல் இல்லை. மகுடேஸ்வரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாடு எத்தனை, தென்னை எத்தனை என்று ஆசையாகக் கேட்டார். சம்சாரம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "ஒப்பிட்டுங்களா அக்கா? எங்கூட்டுல இதெல்லாம் கடையிலதானுங்க" என்று சிரித்தாள். ரங்காத்தாளுக்கு நம்பிக்கை வந்தது. இலைகளைக் கழுவித் துடைத்துச் சுருட்டி வைத்தாள்.

ஆசாரக் கூடத்தில் பேச்சு கம்பெனிப் பக்கம் திரும்பியிருந்தது.

"முன்னாடி மாதிரி இல்லீங்க இப்ப" என்று தமிழ்செல்வன் சொல்வது கேட்டது. "பங்களாதேசுக்காரன், வியட்நாம்காரன் கூடவெல்லாம் போட்டி போடோணும்னா துணி மட்டும் நல்லா இருந்தாப் பத்தாதுங்க. ஊரே நல்லா இருக்கோணும். வெளிநாட்டுல இருந்து துணி வாங்க வர்ற பையர் ஏர்போர்ட்ல எறங்கிக் கம்பெனிக்கு வர்ற வரைக்கும் அவன் கண்ணுல ஒரு குப்பை படக்கூடாது. சஸ்டெயினபிள், சஸ்டெயினபிள்னு அதே பேச்சுத்தான். போன வருசம் ஒருத்தன் வந்தான். வண்டிய நிறுத்தச் சொல்லி ரோட்டோரத்தப் போட்டோ எடுக்கறானுங்க. எனக்கு உசுரே போச்சு. நல்ல வேளை, சுத்தமா இருந்துச்சு. ஆர்டர் நமக்குக் கெடச்சுது."

"டவுன் அத்தனை சுத்தமாயிருச்சுங்களா?" என்றார் சுப்பண்ணன். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆயிருச்சுங்க. நாங்க கம்பெனிக்காரங்க சங்கத்துல உக்காந்து பேசிப் பேசித்தான் இந்த அளவுக்குக் கொண்டு வந்தம். காத்தால ஏழு மணிக்கெல்லாம் ஒரு தொட்டியில குப்பை இருக்காது."

"அந்தக் குப்பையெல்லாம் எங்கீங்க மாமா போகுது?"

கேட்டது மகுடேஸ்வரன். சமையலறையில் ரங்காத்தாள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஊருக்கு வெளியீங்க மாப்ள" என்றார் தமிழ்செல்வன், கையை எங்கேயோ தூரமாகக் காட்டி. "அதுக்குன்னு எடம் பாத்து வெச்சிருக்காங்க. சயின்டிபிக்காத்தான் பண்ணறாங்க."

மாப்ள என்று சொல்லிவிட்டார். அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கை காட்டிய திக்கு மேற்கு. தெரியாமல்தான் காட்டினார், பாவம். ஆனால் சரியாகக் காட்டினார்.

*

"தோட்டத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சாப்புட உக்காந்துக்கலாம்" என்றார் தமிழ்செல்வன். சாப்பிட உட்காரலாம் என்று அவர் வாயாலேயே சொன்ன சந்தோசம் தரகர் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. ரங்காத்தாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கிணற்றுமேட்டுக்கு வந்ததும் தமிழ்செல்வன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். திரையில் அனுப்பிரியா வந்தாள். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது.

"கண்ணு, இங்க பாரு, கெணறு. எட்டிப் பாத்தா ஆளு மூஞ்சி தெரியுது."

"அத்தையக் காட்டுங்கப்பா" என்றது பெண். ரங்காத்தாள் முகத்துக்கு நேராகப் போன் வந்தது. "அத்தை, நல்லா இருக்கீங்களா? நான் வந்தன்னா மொதல்ல அந்தக் கெணத்துல நீச்சல் பழகோணும். இங்க ஆபீஸ்ல..." இருமல் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நெஞ்சுக்குள் விசில் மாதிரி ஒரு சத்தம் போனிலேயே கேட்டது. பம்ப்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீரோடு சிரித்தாள். "ஒண்ணுமில்லீங்க அத்தை. அங்க வந்தாச் சரியாயிரும். அப்பா, தண்ணியக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க, நீங்க சொல்வீங்கல்ல தேனாட்டம்னு."

"மாப்ள, மோட்டாரப் போட்டு உடுங்க. கேன் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப் போச்சு" என்றார் தமிழ்செல்வன். சம்சாரத்திடம் போனைக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

மகுடேஸ்வரன் அம்மாவைப் பார்த்தான். சுப்பண்ணனும் பார்த்தார். சும்மா இரு என்று இரண்டு பேர் கண்ணும் கெஞ்சின. அவன் போய்ச் சுவிட்சைப் போட்டான். குழாயில் தண்ணீர் பளபளவென்று தெளிவாக வந்து தொட்டியில் விழுந்தது. தமிழ்செல்வன் சின்னப் பையன் மாதிரி குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

ஒரு வாய்தான். ஒரு வாய் குடித்தால் மனிதன் செத்துவிடமாட்டான். கொஞ்சம் துவர்க்கும், ஊர்த் தண்ணீரின் ருசி மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அப்புறம் இலை போடலாம். ஒப்பிட்டு சூடாக இருக்கிறது. வைகாசியில் கல்யாணம். ஆனி பிறந்தால் மேல்காற்று வரும். இந்தப் பெண் அந்த ஆசாரத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து விசில் அடிக்கிற நெஞ்சோடு இருமுவாள். "அங்க வந்தாச் சரியாயிரும்" என்று சொன்ன வாயால் தன்னை என்ன கேட்பாள்?

"குடிக்காதீங்க!" என்றாள் ரங்காத்தாள்.

அவர் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துத் தண்ணீர் குடிக்காதே என்று அந்த ஊரில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அந்தத் தண்ணி ஆகாதுங்க. கெட்டுப் போச்சு. மேக்கால பாறைக்குழியில குப்பை கொட்டறாங்க. இன்னைக்குக் கீகாத்து, அதுனால உங்களுக்குத் தெரியல. ஆனி ஆடியில வந்தீங்கன்னா இந்த வாசல்ல நிக்க முடியாதுங்க. அந்தப் புள்ளைக்கு... அந்தப் புள்ளைக்கு இந்த ஊடு ஆகாதுங்க."

விரல்களுக்கு நடுவே தண்ணீர் ஒழுகிப் போயிற்று. தமிழ்செல்வன் நிமிர்ந்தார். "எந்த ஊருக் குப்பைங்க?"

மகுடேஸ்வரன்தான் சொன்னான். குரலில் கோபம்கூட இல்லை. "உங்கூருதானுங்க மாமா. காத்தால ஏழு மணிக்குத் தொட்டியில இல்லாமப் போகுதுன்னு சொன்னீங்களே, அதுதானுங்க."

தமிழ்செல்வன் மேற்கே பார்த்தார். வேலிக்கு அப்பால் பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. கைக்குட்டையை எடுத்து ஈரத்தை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மணிக்கட்டு வரைக்கும் துடைத்தார். போனில் "என்னப்பா, எப்படி இருக்குது?" என்று பெண் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் சம்சாரம் அதை அணைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. சத்தியமாத் தெரியாது" என்றார். பொய்யாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமலே இருக்க முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். "நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க. நான் நம்ம சங்கத்துல வெச்சுப் பேசிப் பாக்கறன். வேற எடம் ஏதாச்சும் பாக்கச் சொல்லலாம்."

"வேற எடம்னா, வேற யாரூட்டுக் கெணத்துக்குங்க?" என்றாள் ரங்காத்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்களிடம் வேறென்ன கேட்பது?

அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஆசாரத்தில் உட்காரக்கூட இல்லை. தரகர் மட்டும் ஒப்புக்கு, "எலையெல்லாம் தயாரா இருக்குதுங்களே" என்று இழுத்தார். தமிழ்செல்வன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாப்பாட்டுக்கென்னங்க அக்கா, இன்னொரு நல்ல நாளாப் பாத்து வர்றமுங்க. நீங்க சொன்னதுக்கு நான் கடமைப்பட்டிருக்கறன். வேற யாரா இருந்தாலும் சொல்லீருக்க மாட்டாங்க."

பாராட்டிவிட்டுப் போய்விட்டார். கார் திரும்பும்போது செருப்பு வாசலிலேயே கிடப்பது ஞாபகம் வந்து, டிரைவர் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

சுப்பண்ணன் கயிற்றுக்கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகுடேஸ்வரன் நீலச் சட்டையைக் கழற்றினான். மடிப்புப் பார்த்து மடித்துக்கொண்டே இருந்தான். மடித்து முடித்தும் கையை எடுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு வாய் குடிச்சிருந்தா அவரு செத்தா போயிருப்பாரு?" என்றான்.

"கண்ணு..."

"தெனமும் மாடு குடிக்குது. அந்தப் பாலைத்தானே டவுன்ல எல்லாரும் குடிக்கறாங்க." பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு கட்டுத்தரைக்கு நடந்தான். நாலெட்டுப் போய் நின்றான். திரும்பாமலே, "அந்தப் புள்ளை இருமுனதக் கேட்டீங்களா?" என்றான். பிறகு போய்விட்டான்.

ரங்காத்தாள் சுருட்டி வைத்த இலைகளின் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். செய்தது சரிதான் என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை. சரியாகச் செய்துவிட்டால் வயிறு எரியாது என்று யார் சொன்னது?

*

பொழுது சாய லாரி வந்தது. சொன்ன வாக்கை வீரணன் காப்பாற்றிவிட்டார். பகல் முழுக்க ஒரு வண்டி எட்டிப் பார்க்கவில்லை. குழியில் குப்பையைத் தட்டிவிட்டுத் திரும்புகிற வழியில் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

"என்ன தாயி, காரியம் பழமா? கை நனச்சாகளா?"

ரங்காத்தாள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் முகம் விழுந்துவிட்டது. "அடடா, நாந்தான் ஒத்த வண்டி விடலையே" என்றார், ஏதோ தன் தப்பு மாதிரி.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க. எறங்கி வாங்க. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."

"வேணாந்தாயி. மேலெல்லாம் நாத்தம்."

"எங்களுக்கென்ன புதுசுங்களா? வாங்க. சமைச்சதெல்லாம் அப்படியே கெடக்குது. உங்க வாக்கு ஒண்ணுதான் இன்னைக்கு நின்னுச்சு."

அவர் தயங்கித் தயங்கி இறங்கினார். வேப்பமரத்தடியில் பாய் விரித்து இலை போட்டாள். சுருட்டி வைத்திருந்ததில் பெரிய இலை, தமிழ்செல்வனுக்கென்று வைத்திருந்தது. சுப்பண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையக் கழுவீட்டு வந்துருங்க" என்று தொட்டிக் குழாயைக் காட்டினாள்.

வீரணன் குழாய்ப் பக்கம் போகவில்லை. லாரிக்குப் போய் சீட்டுக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து, ஓரமாக நின்று கை கழுவினார்.

"ஏனுங்க, தண்ணி இங்கதான் இருக்குதே" என்றாள்.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா நெனச்சுக்கிறாத தாயி. இது டவுன்ல பிடிச்ச ஆத்துத் தண்ணி. காண்ட்ராக்டர் எங்களுக்கு மொதல்லயே சொல்லிப்புட்டாரு. இந்தக் குழிப் பக்கத்துத் தண்ணிய வாயில வைக்கப்படாது, கைகூடக் கழுவப்படாதுன்னு."

கட்டிலிலிருந்து சுப்பண்ணன் கேட்டார்: "எப்பொச் சொன்னாங்க?"

"எப்பன்னா... அது மொத லோடு தட்டுறதுக்கு முந்தியே சொல்லிட்டாரேய்யா."

எருக்குழி மாதிரி என்று சொன்னவனின் வெள்ளைக் கார் சுப்பண்ணன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். இந்த முறை உற்றுப் பார்க்க அவர் கையில் வேலை ஒன்றும் இல்லை. வெறும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரணன் இலை முன்னால் உட்கார்ந்தார். ரங்காத்தாள் சந்தவையை வைத்துத் தேங்காய்ப் பால் ஊற்றினாள். அவர் கையை இலைக்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, ரொம்பவும் பணிவாகக் கேட்டார்:

"தாயி, கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாத. இதெல்லாம் எந்தத் தண்ணியில சமச்சது?"

"கேன் தண்ணிங்க."

"அப்பச் சரி" என்று பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். ருசித்துச் சாப்பிட்டார். ஒப்பிட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ரங்காத்தாள் பக்கத்தில் நின்று நெய் ஊற்றினாள். அன்றைக்கு அந்த வீட்டில் கை நனைத்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் டவுனிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில்.